வெற்றிலைக் கடையில் விட்ட செருப்பு

3 மார்ச் 1990, சனி

புது டாக்டரின் புதுப் பழக்கம். சனிக்கிழமை எங்கள் நகராட்சி மருந்தகத்தை மூடியபின் அவர், நர்ஸ் ஆரோக்கியம், நான் மூவரும் உட்கார்ந்து, வார்டில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று பேச வேண்டுமாம். இதுவரை டாக்டர் எழுதுவார், மருந்தாளுநர் நான் கொடுப்பேன், நர்ஸ் கட்டுப் போடுவார். பேச்சு கிடையாது.

டாக்டர் செல்லதுரை குடவாசல் பக்கத்துப் பெரியவீட்டுப் பேரன். கூலி உயர்த்திக் கேட்டதற்காக அப்பாவின் குடிசையைப் பிரித்தெறிந்த அதே வீடு. நான் வாயைத் திறக்கவில்லை.

10 மார்ச்

அப்பாவின் பாதப் புண்ணை நானே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கு வந்த ஆரோக்கியம் கண்டுவிட்டு, கூட்டத்தில் போட்டு உடைத்தார்.

“சார் வீடும் நம்ம வார்டுதானே டாக்டர்? அவங்கப்பா சர்க்கரைக்காரர். இப்படியே விட்டா காலே போயிரும்.”

ஆத்திரமாக வந்தது. “நீங்க சம்மதிச்சா பார்க்கிறேன்” என்றார் டாக்டர். சம்மதித்தேன். வேறு வழி?

12 மார்ச்

அப்பாவுக்குத் தினம் மருந்தகத்தில் கட்டு. காலில் எப்போதும் மெத்தைச் செருப்பு. வெறுங்கால் கூடவே கூடாது.

7 ஏப்ரல்

புண் ஆறவில்லை. புதிதாகக் கொப்புளம். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி என்கிறார் டாக்டர். தஞ்சாவூர் என்றால் காலை எடுக்கத்தான்.

9 ஏப்ரல்

“சார், உங்கப்பா செருப்பை முக்கு வெத்தலைக் கடையில விட்டுட்டு வர்றார்” என்றார் ஆரோக்கியம். இந்த வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில்!

வீட்டில் கேட்டேன். “பெரியவீட்டுப் புள்ள முன்னால செருப்போடயா போவாங்க?”

அந்தப் பெரியவீட்டுத் தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கி நடந்த மனுஷன். இன்னும் அந்த வீடுதானா இந்தக் காலைத் தின்னணும்? கத்தித் தீர்த்தேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

10 ஏப்ரல்

சனிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. இருவரிடமும் எல்லாம் சொன்னேன், குடிசை உட்பட. டாக்டர் தலை குனிந்திருந்தார்.

“செருப்பைப் போட்டுக்கங்கன்னு நான் சொன்னா, அதுவும் பெரியவீட்டு உத்தரவாத்தான் அவருக்குக் கேக்கும். வேற யாராவது சொல்லணும்.”

“நீங்க செருப்பையும் மருந்துச் சீட்டுல எழுதுங்க டாக்டர். சார் மருந்து ஜன்னல்ல குடுக்கட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் ஆரோக்கியம்.

11 ஏப்ரல்

மாத்திரையோடு செருப்பையும் ஜன்னல் வழியாக அப்பாவிடம் கொடுத்தேன். மாத்திரைக்கு வேளை சொல்வதுபோலவே சொன்னேன்: படுக்கையை விட்டு எழுந்ததும், நடக்கும்போதெல்லாம், டாக்டர் அறையிலும்.

“மருந்தை யாராவது வெத்தலைக் கடையில வச்சிட்டு வருவாங்களா தாத்தா?” என்றார் ஆரோக்கியம்.

“கடைக்காரன் போட்டுக்கிட்டுப் போனாலும் போயிருவான்” என்றார் அப்பா. வரிசையே சிரித்தது.

5 மே

புண் வற்றுகிறது. தஞ்சாவூர் பேச்சில்லை.

9 ஜூன், சனி

அப்பா செருப்போடு டாக்டர் அறைக்குள் போனார். “உக்காருங்க” என்றார் டாக்டர். உட்கார்ந்தார். பாதப் புண் மூடிவிட்டது.

அந்த வீட்டை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இந்த இருவரும் இல்லையென்றால் அப்பாவுக்குக் கால் இல்லை.

இன்றைக்குக் கூட்டத்தில் முதலில் பேசியது நான். “பாத்திரக்கடைத் தெரு ராமாயி மாத்திரை வாங்கவே வரலை. என்னன்னு போய்ப் பாக்கணும்.”

“யார் போறது?” என்றார் டாக்டர்.

“மூணு பேருந்தான்” என்றேன்.