எதிர்ச்சுவரில் நிழல்

என் மகள் மார்னிக்கு,

கையுறையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நானும் டுவைட்டும் பேத்தி டெஸ்ஸாவும், மூன்று பேரும் முழு எலும்புகளோடு இருக்கிறோம். உன் மணிக்கட்டு குளிருக்கு வலிக்கிறதா? வெந்நீர்ப் பை வைத்துக்கொள், அலட்சியம் செய்யாதே.

டெத் வேலிப் பாலைவனத்தில் மேட்டு முகாமில் கூடாரம் போட்டிருக்கிறோம். பகலில் வெயில் இதம். பொழுது சாய்ந்தால் பல் கிட்டுகிறது. கேனில் இருக்கும் தண்ணீர் காலையில் கல்லாகிவிடும் என்று டுவைட் மாலையிலேயே கெட்டிலை நிரப்பி வைத்துவிடுகிறான். எழுந்ததும் அடுப்பில் ஏற்றினால் காப்பி. என் தூக்கப் பைக்குள் வெந்நீர் பாட்டில் ஒன்றும் வைக்கிறான். மாமியாருக்குக் கொடுக்கும் லஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்துக் கூடாரத்தில் யார் தெரியுமா? ஹேஸல்! நீ டெஸ்ஸா வயதில் இருந்தபோது, முகாமில் நாம் நாற்காலி போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தினாளே, அதே ஹேஸல். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் முகம் கொடுக்கவில்லை.

நீ என்னை எதற்கு அனுப்பினாய் என்பது நினைவிருக்கிறது. இனிமேல் டெஸ்ஸாவை அவள் அப்பனோடு தனியாக அனுப்பலாமா, கூடாதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல ஆளைத்தான் பிடித்தாய். உங்கள் கல்யாணத்தன்று போட்டோவில் அவன் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளியதையே இன்னும் மறக்காதவள் நான். போன குளிர்காலத்தில் அவன், "இன்னும் ஒரு திருப்பந்தான்" என்று சொல்லிச் சொல்லி உன்னை இருட்டுக்குள் நடத்திப் போய், நீ விழுந்து, கை ஒடிந்து, விடியும்வரை பாறையடியில் நடுங்கிக் கிடந்ததை மறப்பேனா? எனக்குப் படிப்பு குறைவு. பூசி மெழுகத் தெரியாது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று மலையிடுக்கில் ஒரு காய்ந்த ஓடை வழியே நடந்தோம். கடைசியில் பெரிய கல் வளைவு ஒன்று இருக்கிறது. டெஸ்ஸாவுக்கு ஒரு வாரமாக அதே பேச்சு. கிளம்பும்போதே டுவைட் கட்டளை போட்டுவிட்டான்: மேற்குப் பாறைச்சுவரின் நிழல் எதிர்ச்சுவரின் அடியைத் தொட்டதும், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இவனாவது, திரும்புவதாவது!

என் முழங்காலால்தான் நடை மெதுவானது. வளைவின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நிழல் எதிர்ச்சுவரைத் தொட்டது. அவன் நின்றுவிட்டான். "அவ்ளோதான், திரும்புவோம்" என்றான். டெஸ்ஸா மணலில் உட்கார்ந்து, "அதோ தெரியுதுப்பா! நீ பொய் சொல்ற! எப்பவும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஏமாத்துற!" என்று கத்தினாள். எனக்கும் அவனைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. "எட்டிப் பாத்துட்டு வந்துரலாமே. போன வருஷம் இல்லாத பயம் இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"போன வருஷத்துலேருந்துதான் வந்துச்சு, அத்தை" என்றான்.

என் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். டெஸ்ஸா வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு வாங்கியபடியே, பாறை இறங்கும் இடமெல்லாம் திரும்பி நின்று கை கொடுத்தான். அந்தக் கையை அவள் ஒரு தடவைகூட பிடிக்கவில்லை. அவனும் நீட்டுவதை நிறுத்தவில்லை.

மழை வரவில்லை, இருட்டில் மாட்டவில்லை, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு ஹேஸலே சாட்சி. வளைவுவரை போய்விட்டு வந்து, நாங்கள் பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தபோது போனில் படத்தைக் காட்டினாள். "பக்கத்துல போயிட்டுத் திரும்பிட்டீங்களாமே? அடடா, வயசாயிட்டா இப்படித்தான், வெர்லீன்" என்றாள்.

டுவைட் தலையைக் குனிந்துகொண்டு கிண்டிக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "எங்க மாப்பிள்ளை ஒரு சொல் சொன்னா சொன்னதுதான். அந்தக் கல்லு எங்கயும் ஓடிப் போகாது. நீ உன் அடுப்பைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை என்ற வார்த்தை என் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

நான் அவனை மன்னித்துவிட்டதாக எண்ணாதே. அந்தப் போட்டோ அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ கேட்டது என் கோபத்தை அல்ல, நான் கண்டதை.

இங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. கீழே இறங்கும்போது கடைப் பக்கம் தபாலில் போடச் சொல்லி இதை அவனிடமே கொடுக்கப் போகிறேன். அடுத்த வாரக் கடைசியில் ஜோஷுவா ட்ரீ முகாமில் இருப்போம். அதற்குப் பிறகு அவர்கள் அரிசோனாப் பக்கம் போவதாகத் திட்டம். அவனுடைய பிக்கப் வண்டி இருக்கையில் என் இடுப்பு இனித் தாங்காது. நீ காரை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு அழைத்துப் போ. டெஸ்ஸாவை அல்ல, என்னை மட்டும்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்தினம் மாலையே வந்துவிடு, மகளே. இருட்டில் ஓட்டாதே. நம் கூடாரத்தில் நான்கு பேர் படுக்கலாம்.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
வெர்லீன்