திரும்பி வரக் காரணம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து ஒரு துளி காற்று இல்லை. ஒன்பது மணிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு வாளி பிடித்து வைத்திருந்தேன், தப்பினேன்.

விசாவுக்குப் படம் எடுத்தாயிற்று. சிரிக்கக் கூடாதாம். படத்தில் நான் எதையோ களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி.

பிறகு காலி வீதியில் நவாஸின் கடை. போட்டோகொப்பிக் கடைதான், ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் விசாப் போர்ம் நிரப்பப் போவது அங்கேதான். கல்யாணம்? இல்லை. பிள்ளைகள்? இல்லை. வேலை? ஆஸ்பத்திரி ஸ்விட்ச்போர்டில் முப்பது வருடம், ஓய்வெடுத்து மூன்று வருடம். வீடு? வாடகை அறை.

நவாஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அன்ரி, நீங்க கனடாவுக்குப் போனா திரும்பி வருவீங்க எண்டு அவங்க எதை வச்சு நம்புறது?"

நல்ல கேள்வி. அறுபத்து மூன்று வயதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி. என் பெயரில் காணி, வீடு ஏதும் இருந்தால் உறுதியின் பிரதியை வைக்கலாமாம். இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது, தம்பி அன்ரன் இருக்கிறான், எனக்கும் பங்கு இருக்கத்தானே வேண்டும் என்றேன். அதைக் கொண்டுவரச் சொன்னார்.

எல்லாம் அக்காவுக்காக. டொரன்டோவில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு போகிறது. ஓரம் தெரிகிறதாம், நடு மறைகிறதாம். எவ்வளவு காலம் என்று டொக்டரும் சொல்லவில்லை. "முகம் தெரியிற நேரத்தில வந்திட்டுப் போ" என்றாள். கடைசியாக அப்பாவின் செத்தவீட்டில் பார்த்தது. பதினெட்டு வருடம்.

மார்ச் 4, செவ்வாய்

அன்ரனுக்கு அழைத்தேன். வீட்டு உறுதியில் ஒரு கொப்பி வேண்டும் என்றேன். மறுபக்கம் சத்தமில்லை. லைன் அறுந்த அமைதிக்கும் ஆள் பேசாத அமைதிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா? இது இரண்டாவது வகை.

"உறுதி என்னத்துக்குச் சின்னக்கா, இப்ப?"

விசாவுக்கு என்றேன். சரி, தேடிப் பார்க்கிறேன் என்றான். தேடுகிறவனின் குரல் இல்லை அது.

வாங்க: தேயிலை, நீலம், பிரஷர் குளிசை.

மார்ச் 5, விபூதிப் புதன்

கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கே போனேன். நெற்றியில் சாம்பல். அன்ரனின் மனைவி ஸ்டெல்லா மச்சாள் இரண்டு வாங்கு முன்னால். பூசை முடிந்ததும் வழக்கமாக வீட்டுக்கு வாங்கோ, கஞ்சி குடித்துவிட்டுப் போங்கோ என்பாள். இன்று "பஸ்ஸுக்கு நேரமாகுதோ?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நேரமும் ஆகவில்லை.

உறுதியைக் கேட்டால் வீட்டைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார்கள் போல. மனம் நொந்துதான் போனேன். இத்தனை வருடம் பங்கு என்று வாய் திறந்தேனா? வேறு யாராவது இருந்திருந்தால் எப்போதோ வக்கீலிடம் போயிருப்பார்கள். என்னைப்போல ஒரு அக்கா கிடைக்க அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும். (தபசு காலம் தொடங்கிய அன்றே இந்தப் பெருமை. பரவாயில்லை, யார் வாசிக்கப் போகிறார்கள்.)

மார்ச் 7, வெள்ளி

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் உறுதி எழுதுகிற ஒரு பெண் நொத்தாரிசு இருக்கிறார். நவாஸ்தான் சொன்னார். மு.ப. 9க்குப் போனேன், பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அலுப்பே இல்லை. கதவு மூடாத அறை, எனக்கோ பழகிய காது. அங்கே கேட்டவை:

– ஒருவர்: தம்பி சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டான், அப்பாவின் வீட்டில் அவனுக்குப் பங்கு இல்லைத்தானே? நொத்தாரிசு அம்மா: "பாஸ்போர்ட் மாறினா மகன் இல்லையெண்டு ஆகுமோ?" அவர் முகம் விழுந்துபோனது.

– ஒரு பெண்: பிறப்புச் சான்றிதழில் அம்மாவுக்கு ஒரு பெயர், உறுதியில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி வேண்டுமாம்.

– தடி ஊன்றிய ஒருவர்: லண்டனிலுள்ள அண்ணன் தனக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவருக்காக நான் கையெழுத்து வைக்கலாமா? வைக்கலாம். அண்ணன் போன மாதம் இறந்துவிட்டார், இப்போதும் வைக்கலாமா? இல்லை, கொடுத்தவரோடு அதுவும் முடிந்தது. அவர் அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

என் முறை. அம்மா முன்னமே இறந்துவிட்டார், அப்பா உயில், மரணசாதனம் ஒன்றும் எழுதவில்லை. அப்படியென்றால் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு, உங்களுக்கு மூன்றில் ஒன்று என்றார். ஆனால் முதலில் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

வரும் வழியெல்லாம் எந்த மூன்றில் ஒன்று என்று யோசித்தேன். குசினியும் பின் விறாந்தையும் கிணற்றடியும் சேர்த்தால் சரியாக வரும். முன் அறை எனக்கு வேண்டாம், தெருச்சத்தம்.

மார்ச் 10, திங்கள்

காணிப் பதிவகம். சிங்களத்தில் ஒரு போர்ம், அதற்கு இன்னொரு போர்ம். நங்கி, தங்கச்சி என்று இரண்டு பாஷையிலும் கூப்பிட்டு ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பொறுமையான பிள்ளை. பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் போட்டாள், தூசியில் இரண்டு பேருக்கும் தும்மல்.

எங்கள் வீட்டுக்கு ஒரு முழுப் பக்கம். முதலில் யாரோ ஒரு டி சில்வா. பிறகு அப்பா. அப்பாவின் பெயரை அரசாங்கப் புத்தகத்தில் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதன் கீழ் இன்னொரு வரி: நன்கொடை உறுதி. கொடுத்தவர் அப்பா, பெற்றவர் அன்ரன். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய திகதி. அப்பாவுக்குச் சீவிய உரித்து, சாகும்வரை அங்கே இருக்கலாம்.

அந்தப் பெண்ணிடம் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான் வாசித்தாள்.

ஆக மூன்றில் ஒன்றும் இல்லை, நூறில் ஒன்றும் இல்லை. முழு உறுதியின் பிரதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கிழமையாம்.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர்கள் பூட்டு, றோட்டில் சனமில்லை. உடுப்புத் தோய்த்தேன்.

அப்பாமேல் கோபம் ஆறவில்லை. வீட்டைத் தம்பிக்குக் கொடுத்ததற்கு இல்லை. சொல்லாமல் கொடுத்ததற்கு. கல்யாணம் முடிக்காதவளுக்கு வீடு எதற்கு என்று நினைத்திருப்பார். அவரின் கடைசி நாலு வருடமும் நைட் டியூட்டி முடிய நேரே அங்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டவள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்ரன்மேலும் கோபம். தேடுகிறானாம் உறுதி.

அக்கா அழைத்தாள். போர்ம் எப்படிப் போகிறது என்றாள். நல்லாய்ப் போகிறது என்றேன். அரிசியில் கல் பொறுக்க இப்போது முடியாதாம், கனடா அரிசியில் ஏது கல் என்று கேட்டேன், சிரித்தாள்.

மார்ச் 17, திங்கள்

பிரதி கிடைத்தது. கந்தோர் வாங்கிலேயே உட்கார்ந்து வாசித்தேன். எல்லைகள்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே மதில். சொற்களை விரலால் பிடித்துப் பிடித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அப்பாவின் கையெழுத்து. அன்ரனின் கையெழுத்து. சாட்சிகள் இருவர். முதலாவது, அடுத்த வீட்டுக்காரர், இப்போது உயிரோடு இல்லை. இரண்டாவது, நான்.

என் கையெழுத்துத்தான். அந்தக் காலத்தில் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வளைவு போடுவேன், அதுவும் இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. டியூட்டிக்குப் போகிற வழியில் வீட்டுக்குப் போயிருந்தேன். முன் அறையில் ஒரு நொத்தாரிசு, ஆங்கிலத்தில் விறுவிறுவென்று வாசித்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை, இதில ஒரு சாட்சி வை என்றார் அப்பா. வைத்தேன். மின்சாரக் கனெக்ஷன் மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஊரார் கதையெல்லாம் ஒட்டுக் கேட்கிற காது, தன் வீட்டுக் கதை வாசிக்கும்போது எங்கே போனது?

புறக்கோட்டையில் பஸ் மாறும்போது வெட்கத்தில் தனியாகச் சிரித்தேன். ஒரு பழக்கடைக்காரர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வாழைப்பழத்தோடு கொட்டாஞ்சேனைக்கு. பிரதியை மேசையில் வைத்தேன்.

அன்ரன் அதைத் திறக்கவே இல்லை. "சின்னக்கா, அண்டைக்கு நீங்க ஒரு சொல்லுச் சொல்லாமக் கையெழுத்து வச்சிட்டு வேலைக்குப் போனீங்க. இந்த மனசு ஆருக்கு வரும் எண்டு சொல்லித்தான் நான் என்ர பிள்ளையள வளத்தனான்."

"எனக்குத் தெரியாது அன்ரன். நான் கவனிக்கேல்ல."

மச்சாள் குசினி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். தந்ததைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்தார்களாம். அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு கிழமை நித்திரையே இல்லையாம்.

இருபத்திரண்டு வருடம். பங்கைக் கேட்காத நல்லவள் என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். பங்கையே தந்துவிட்ட நல்லவள் என்று அவர்கள் என்னை நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில் போயிற்று. அவனிடம் அதைச் சொன்னபோது அவன் அழுதுவிட்டான், எனக்கும் அழுகை. மச்சாள் சோறு போட்டாள். பாரைமீன் குழம்பு. தபசு காலம் என்று இரண்டாவது துண்டை வேண்டாம் என்றேன், வைத்துவிட்டாள்.

நாளைக்கே ஒரு பங்கை எழுதித் தருகிறேன், விசாவுக்கு வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தான். அங்கிருந்தே நவாஸுக்கு அழைத்தேன். இந்தக் கிழமை எழுதின உறுதியைப் பார்த்தால் விசாவுக்காக எழுதினது என்று யாருக்கும் தெரியும், உள்ள சந்தேகமும் கூடும் என்றார். எனக்கும் அது பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் பேசுவோம் என்றேன். அப்பாவின் பைல் கட்டை மட்டும் வாங்கி வந்தேன், வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க.

மார்ச் 20, வியாழன்

மழை பெய்து விட்டது. பைலில்: பழைய மின்சார பில், அக்காவின் ஞானஸ்நான அட்டை, அம்மாவின் மரணச் சான்றிதழ். அதோடு குத்தியிருந்த இன்னொரு கடதாசி, பொரளை மயானத்தில் குடும்பக் கல்லறை நிலம். அம்மா இறந்தபோது அன்ரன் டுபாயில், அப்பா ஒன்றும் செய்யும் நிலையில் இல்லை, நான்தான் ஓடித் திரிந்தேன். உரித்தாளர் என்ற இடத்தில் என் பெயர். அம்மா அங்கே, பிறகு அப்பாவும். இன்னும் ஒருவருக்கு இடமுண்டு.

கொழும்பில் எனக்கும் காணி இருக்கிறது. பொரளையில்.

நவாஸின் கடைக்குப் போய் விளக்கக் கடிதம் எழுதினோம். சொத்து: வீடு இல்லை. திரும்பி வரக் காரணங்கள்:

1. தம்பி, மச்சாள், பிள்ளைகள்.
2. கோயில் பாடகர் குழு. கீழ்க்குரலுக்கு இருப்பது நாங்கள் இரண்டே பேர்.
3. மாதாமாதம் பிரஷர் கிளினிக்.
4. குளிர் ஒத்துவராது. (இதை நவாஸ் வெட்டிவிட்டார்.)
5. இணைப்பு: கல்லறை நிலப் பத்திரம்.

நவாஸ் அந்தக் கடதாசியை முன்னும் பின்னும் பார்த்தார். சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். இதை வைக்கத்தான் வேண்டுமா என்றார். பொய் இல்லையே, வையுங்கள் என்றேன். வைத்தார். அனுப்பியாயிற்று, பி.ப. 4.10.

மார்ச் 24, திங்கள்

விரலடையாளம் கொடுத்தேன். வலது பெருவிரல் இயந்திரத்தில் பதியவில்லை. முப்பது வருடம் பொத்தான் அமத்தித் தேய்ந்துபோனதோ என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். பதிந்தது.

ஏப்ரல் 2, புதன்

ஒன்றுமில்லை. மச்சாள் சாப்பாட்டுக் கரியர் அனுப்பினாள். அக்கா போனில் என் படத்தைப் பார்த்தால் நெற்றியும் நாடியும்தான் தெரிகிறதாம், மூக்கு இல்லையாம். சொல்லிவிட்டு அவளே பேச்சை மாற்றினாள். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

வருடப் பிறப்புக்கு உடுப்பு வாங்க வந்த சனத்தில் காலி வீதியைக் கடக்கவே முடியவில்லை. நவாஸ் கடை வாசலில் நின்று கை காட்டிக் கூப்பிட்டார். ஈமெயில் வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் விசா தந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தமாம். மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். எந்தக் காரணத்தை நம்பினார்கள் என்று மட்டும் எழுதவில்லை.

அன்ரனுக்குச் சொன்னேன். பி.ப. 6.30க்கு அக்காவுக்கு அழைத்தேன், அங்கே காலை. கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் அறுந்த அமைதி இல்லை. பிறகு சொன்னாள்:

"எயார்போட்டில என்ர முகத்துக்கு நேர வந்து நிக்காத. நடுவில எனக்கு இப்ப ஒண்டும் தெரியாது. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லு, அப்ப உன்னைக் காணுவன்."

ஓம் என்று வைத்துவிட்டேன். அவளுடைய இடப்பக்கமா, என்னுடைய இடப்பக்கமா என்று கேட்க மறந்துபோனேன். நாளைக்குக் கேட்க வேண்டும்.