கழுவாமல் விட்ட களிம்பு

4-8-1936, செவ்வாய்
இடது மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. நேற்றெல்லாம் குளிர்காய்ச்சல். டாக்டரம்மா பெல்லடோனா களிம்பு கொடுத்தார். ஒவ்வொரு தரமும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

5-8, புதன்
அத்தை கழுவ விடவில்லை. காய்ச்சல்காரி நெஞ்சில் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடுமாம். துணியால் துடைத்தாலே போதுமாம். மாமியாரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

6-8
வலி இல்லை. தூங்கினேன்.

7-8, வெள்ளி
பாலகோபாலுக்கு இன்று கண் எத்தனை பெரிது! முழுக்கக் கறுப்பு. கன்னமெல்லாம் சிவப்பு. பக்கத்து வீட்டு ராசாத்தாள், "சாமி செலையாட்ட இருக்கறானுங்க" என்று கொஞ்சிவிட்டுப் போனாள். எனக்கும் பெருமைதான். மூன்று மாதப் பிள்ளையில் இப்படி ஒரு கண் யாருக்கு இருக்கிறது?

சாயங்காலம் உடம்பு அனலாய்ச் சுட்டது. நாக்கு காய்ந்து கிடந்தது. ராசாத்தாள் கண் பட்டுவிட்டதென்று அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். பிள்ளை குடிக்காமல் மேலே எதையோ பார்த்துக் கையை ஆட்டினான். அங்கே ஒன்றுமில்லை.

8-8, சனி
விடிந்ததும் ஜட்காவில் ஆஸ்பத்திரி. நர்ஸ் ஆமினா பீவி அவன் கண்ணில் விளக்கைக் காட்டினார். கண்மணி சுருங்கவில்லை. உடனே என் பக்கம் திரும்பினார்.

"மாருல என்ன பூசறீங்கம்மா? கழுவினீங்களா?"

அத்தை பக்கத்தில்தான் நின்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நாந்தான் கழுவாம உட்டுப்போட்டனுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதுதான் சுருக்கமாக இருந்தது.

களிம்பு பிள்ளை வாய் வழியாக உள்ளே போயிருக்கிறதாம். அந்தக் கண்ணும் கன்னமும் அழகில்லை, விஷம். பிழைப்பானா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுக்காரர் இட்டிலி வாங்கி வந்தார். சாப்பிட்டேன்.

9-8
கண் அப்படியேதான்.

10-8, திங்கள்
பிழைத்துவிட்டான் என்றார் டாக்டரம்மா. சரிங்க என்றேன். சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன் — வரவில்லை.

17-8, திங்கள்
வீட்டுக்கு வந்து நான்கு நாள். எனக்குப் பால் அடியோடு நின்றுவிட்டது. பசும்பாலை அத்தைதான் சங்கில் புகட்டுகிறார். என் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறான். அவரிடமே கொடுத்துவிடுகிறேன். நான் தொட்டால் ஆகாது என்று ஒரு நினைப்பு.

22-8, சனி
வீட்டுக்காரருடைய பெரியம்மா வள்ளியாத்தாள் பார்க்க வந்தார். பெற்றவளுக்கு இத்தனை அசட்டை கூடாது என்று என் முன்னாலேயே ஆரம்பித்தார். பால் புகட்டிக்கொண்டிருந்த அத்தை நிறுத்தினார்.

"அவ மேல தப்பில்லீங்க்கா. கழுவ வேண்டாம்னு தடுத்தது நாந்தானுங்க."

நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அத்தை வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கோபம்தான் வந்தது. பதினைந்து நாளாக எதுவுமே உறைக்காமல் கிடந்தேனே, இது உறைத்தது.

எழுந்து போய்ப் பிள்ளையை அத்தை மடியிலிருந்து எடுத்தேன். சங்கையும் வாங்கிக்கொண்டேன்.

"இனி நானே குடுத்துக்கறனுங்க."

அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் அத்தையை நிமிர்ந்து பார்க்கவில்லை.