சண்டைக்கு ஆள் இல்லாத மேஜை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். மாமா போய் ஒரு மாதமாகிவிட்டது, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் முழுவதையும் சொல்லாமல் விட்டேன்.

அப்பாவும், அவரோடு அதே கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு நடத்திய மாமாவும் ஓய்வுபெற்றதிலிருந்து நம் முன்னறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதிய புத்தகம் உனக்குத் தெரியும். ஐரோப்பா எப்படி வளர்ந்தது, இஸ்லாமிய உலகம் எப்படி வளர்ந்தது, யார் யாரிடம் என்ன கற்றார்கள் என்று ஓயாத வாக்குவாதம், டைப் அடிக்க நான். தன் பக்கத்துக்குத் தானே வக்கீலாகக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். அப்பா கல்லூரியில் நடத்தியது ஐரோப்பிய வரலாறு, ஆனால் கிரேக்க நூல்களை அரபு மொழியில் பெயர்த்துக் காப்பாற்றியவர்களைப் பற்றி எழுதியது அவர்தான். அந்த நூல்களை வாங்கிப் படித்து ஐரோப்பா கட்டிய பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதியது மாமா. மாமா மசூதிக்குப் போகிறவர் என்பது அந்த மேஜையில் ஒருநாளும் பேச்சாக வந்ததில்லை.

கடைசி அத்தியாயத்தில்தான் வினை வந்தது. ஐரோப்பா கேள்வி கேட்கத் தொடங்கியபோது இஸ்லாமிய அறிஞர்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். மாமா படித்துவிட்டு, நிறுத்துனாங்களா, நிறுத்த வச்சாங்களா, மங்கோலியர் கையில பாக்தாத் எரிஞ்சதையும் பின்னால ஐரோப்பாக்காரன் கப்பல்ல வந்து நாட்டைப் பிடிச்சதையும் எங்க எழுதியிருக்கீங்க என்று கேட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்து, நீங்க உங்க ஆளுங்கள விட்டுக்கொடுக்க மாட்டீங்களே என்று சொல்லிவிட்டார். மாமா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டு, பாதி டீயோடு எழுந்து போனார். நாளைக்குப் போய் சமாதானம் பேசுங்கள் என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன், அவரே வருவார் என்று அப்பா வீம்பாக இருந்தார். அவர் வரவில்லை, மாரடைப்பு என்ற செய்திதான் வந்தது. அடக்கத்தன்று அப்பா மாமா வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். அத்தை கூப்பிட்டும் உள்ளே போகக் கால் வரவில்லை.

இப்போது அவர் மாமாவின் நாற்காலியில் உட்கார்கிறார். தான் எழுதியதை வாசித்து, மாமா குரலில் மாமா கேட்டதையே கேட்கிறார், அடுப்படியில் நிற்கிற எனக்கு இரண்டு பேர் இருப்பது போலவே இருக்கிறது. பிறகு பதில் சொல்ல வேண்டிய இடம் வரும்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். சாப்பாடும் பேருக்குத்தான்.

இந்தப் புத்தகம் தொடங்குவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, சின்ன வயதில் அந்த மேஜைக்கடியில் உட்கார்ந்து மாமாவின் வாதமெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நீ. அதனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்ற அந்த வரியை எடுத்து மாமா பக்கம் நின்று சண்டை போடு. அப்பா கத்துவார், கத்தட்டும். மாமா இல்லையே என்று பாவம் பார்த்து விட்டுக்கொடுத்துவிடாதே. மாமா ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

உன் அம்மா