என்னைவிடக் கெட்டிக்காரனாம்

ஐப்பசி 20. தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்துபோன மறுவருஷம்.

இன்று ஊர்க்கூட்டத்தில், குளத்து மடை திறக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிச் சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டார்கள். "உம்மைவிட அவன் கெட்டிக்காரன் வே" என்றார் ஊர்த்தலைவர்.

"எதுல அண்ணாச்சி? ரெண்டு பேரும் ஒரே வெள்ளத்துல முங்கியிருந்தால்லா அப்படிச் சொல்லணும்? அவன் முட்டளவு தண்ணியிலதான இறங்கியிருக்கான்!"

"நீரு முங்குனத யாரு வே பாத்தா?" என்றார். கூட்டமே சிரித்தது.

முதியோர் பள்ளியில் படித்த எழுத்து இதற்காவது உதவட்டும். நாற்பது வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் குளத்துக் கரை உடைய இருந்த அன்று, மூன்று முறை முங்கி மடைக்கல்லைத் தூக்கித் தண்ணீரை வெளியேற்றியவன் நான். கரையில் நின்று பார்த்தவர்கள் நான்கு பேர். பண்ணையார், கணக்கப்பிள்ளை, வண்டிக்கார இசக்கி மூவரும் போய்விட்டார்கள். உயிரோடு இருப்பது சுடலைமுத்துவைப் பெற்ற மாடத்தி மட்டும்தான்.