பாய்காட் என்றொரு மனிதர்

2-6-1964, செவ்வாய்
தாராவியில் எங்கள் வரிசைக்கு வாடகை வசூலிக்கிற சுயம்பு அண்ணாச்சி, பக்கத்து வீட்டு சேசம்மாள் அக்காவிடம், "மாசக் கடைசிக்குள்ள கோலியக் காலி பண்ணிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரிலிருந்து வரும் மச்சானுக்கு, அதாவது தன் மனைவியின் தம்பிக்கு, அந்த ஒற்றை அறைக் கோலி வேண்டுமாம். புருஷனை இழந்தவள் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? யாரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான்.

4-6-1964
கிங்ஸ் சர்க்கிள் டைப்ரைட்டிங் வகுப்பில் இன்று அடித்த பக்கத்தில் ஒரு சொல் - பாய்காட். புறக்கணிப்பு என்று தெரியும். எங்கிருந்து வந்தது? அங்கிருந்த பெரிய அகராதியைப் புரட்டினேன். அது ஒரு மனிதரின் பெயர்! அயர்லாந்தில் ஒரு பிரபுவுக்காகக் குத்தகை வசூலித்தவர். குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊரே அவரோடு பேச்சை நிறுத்தியது. கடையில் சாமான் இல்லை, வயலில் ஆள் இல்லை. யாரும் கை ஓங்கவில்லை.

பஸ் ஏறத் தோன்றாமல் நடந்தே வந்தேன்.

7-6-1964, ஞாயிறு
குழாயடியில் பெண்களிடம் சொன்னேன்: "அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். அவரு வந்தா 'வாங்க'ன்னு சொல்லக்கூடாது. பேசக்கூடாது. அவ்வளவுதான்."

"வாசலுக்கு வந்த மனுசன வாங்கன்னு சொல்லாம எப்பிடிட்டி?" என்றாள் இசக்கியம்மாள் மதினி.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அதைவிடப் பெரிய அடி கிடையாது. அதனால்தான் சொன்னேன்.

8-6-1964
தோற்றோம். முதல் வாசலிலேயே. அண்ணாச்சி தலை தெரிந்ததும் என் அம்மாவே, "வாங்க அண்ணாச்சி, காப்பி குடிக்கியளா?" அட கடவுளே! கேட்டால், "வாய் தானா சொல்லிட்டுட்டி" என்கிறாள். விடமாட்டேன்.

9-6-1964
அம்மா வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். இன்று ஒரு வீட்டிலும் 'வாங்க' இல்லை.

14-6-1964
டீக்கடை மரியசூசை, அண்ணாச்சி நின்ற நேரமெல்லாம் டம்ளர் கழுவிக்கொண்டே இருந்தானாம். அண்ணாச்சி நேரே என்னிடம் வந்தார். "ஏட்டி, நான் என்ன கொலையா செஞ்சேன்?" பாவமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? சேசம்மாள் அக்காவின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

21-6-1964, ஞாயிறு
காலையில் குழாயடிக்கு அண்ணாச்சியின் மனைவி ஆறுமுகத்தாய் வந்தாள். எல்லோரும் கப்சிப். அவள் சேசம்மாள் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "என் தம்பிக்குக் கல்யாண் டேசன் பக்கம் இடம் பாத்தாச்சு. நீ இங்கனயே இரி."

"அண்ணாச்சி சொன்னாவளா?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன செய்வாவ? இந்த வாரம் முழுக்க நானும் அவுகளோட பேசலல்லா" என்று குடத்தை வரிசையில் வைத்தாள்.