ரிஸானாவுக்கும் அனுமதி அட்டை வந்தது

வெள்ளிக்கிழமை, இரவு

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு அனுமதி அட்டை வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ரிஸானாவுக்கும் வந்தது. அஸர் தொழுதுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

ஒலுவிலிலிருந்து கடலுக்குப் போன அவள் மாப்பிள்ளை மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா இருக்கிறாள், வாசல் தாண்டுவதில்லை. பரீட்சையோ கொழும்பில், இத்தா முடியுமுன்பே. அது தெரிந்தும் நாங்கள் தோழிகள் அவள் அறையில் கூடித்தான் இத்தனை நாளும் படித்தோம். எப்படிப் போவாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்று நான்தான் வாயைத் திறந்தேன். "பரீட்சைக்கு மட்டும் போக ஏலுமா எண்டு பள்ளி ஆலிம்கிட்ட ஒருக்கா கேட்டுப் பாப்பமா புள்ள?"

"வேணாம். அவருக்காக இதையாவது ஒழுங்கா இருந்து முடிக்கிறன்."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள், "கேள்வித்தாள வெளிய கொண்டுவர உடுவாங்களா?"

"உடமாட்டாங்க."

"அப்ப கேள்விகள மனசில வெச்சிக்கிட்டு வா. நான் இங்க இருந்து எழுதிப் பாக்கன்."

ஓம் என்றேன். எங்களில் நன்றாக எழுதக்கூடியவள் அவள்தான். நானோ மறதிக்காரி. திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணயர்ந்தால் ஒரு கேள்வியாவது விட்டுப்போய்விடுமே.